வாங்கும்போது சம்பளக்காரன்

ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிடு தாயி. காற்றுக்காகக் கேட்கவில்லை. ஒரு ஆளைப் பார்க்க வேண்டும். பிரஸ் ஸ்டாப்பில் ஏறுவான். ஏறினால்தான் உண்டு. போன சனிக்கிழமையும் ஏறவில்லை, அதற்கு முந்தின சனிக்கிழமையும் ஏறவில்லை. இன்றைக்கும் ஏறாவிட்டால் என் பணத்தை நான் மறந்துவிட வேண்டியதுதான்.

ஆமாம், பணம். நான் கொடுத்த பணம். நீ ஏன் என்னை அப்படிப் பார்க்கிறாய்? நான் வட்டிக்கு விடுகிறவள் இல்லை. கஷ்டம் என்று வருகிறவர்களுக்குக் கொடுப்பேன். அவர்கள் மாதாமாதம் ஏதோ கொடுப்பார்கள். அதற்கு ஊரில் வட்டி என்று பெயர் வைத்தால் நான் என்ன செய்ய?

அவன் பெயர் தவசிலிங்கம். எங்கள் தெருவில்தான் இருக்கிறான். என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். அப்புறம் எதற்கு அவனைப் பஸ்ஸில் வந்து தேடுகிறாய் என்றுதானே நினைக்கிறாய்? நினை, நினை. அவன் வாசலில் நான் நிற்கக் கூடாதாம். நின்று சத்தம் போட்டால் கந்துவட்டிச் சட்டத்தில் கேஸ் போட்டுவிடுவார்களாம். என் மேல்! கொடுத்தவள் மேல்! பஸ் பொது இடம். பஸ்ஸில் யாரும் யாரையும் பார்க்கலாம். அதைத் தடுக்க இன்னும் சட்டம் வரவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். அப்போதுதான் அநியாயம் உனக்குப் புரியும்.

அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள்தான் முதலில் வந்தாள். ஆறு வருஷம் இருக்கும்.

"செம்பகத்தக்கா, எங்க மக இந்துவுக்கு நர்சிங் சீட்டு கிடைச்சிருக்கு. ஒரு நாப்பதாயிரம் வேணும். நீங்கதான் தரணும்."

"உன் வீட்டுக்காரன் என்ன வேலை பாக்கான்?"

"பிரஸ்லக்கா."

"பிரஸ்ல என்ன? கூலியா, சம்பளமா? இந்தா பாரு பேச்சி, கூலிக்காரங்களுக்கு நான் குடுக்கறதில்ல. இன்னைக்கு இருப்பான், நாளைக்கு வேற ஊருக்குப் போயிருவான். சம்பளக்காரன்னாத்தான் எனக்குத் தைரியம். நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். யோசித்துவிட்டு, "சம்பளம்தான்க்கா" என்றாள்.

பார்த்தாயா? எடுத்த எடுப்பிலேயே பொய். நான் யோசித்துச் சொல் என்கிறேன், அவள் யோசித்துப் பொய் சொல்கிறாள்!

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எப்படி வந்தான் தெரியுமா? பேன்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் நாடா கட்டின அட்டை. அட்டையில் அவன் போட்டோ. தினமும் வேலைக்குப் போவதும் அந்தக் கோலத்தில்தான். பிரஸ்ஸுக்குள் போனதும் பேன்ட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, கைலியைக் கட்டிக்கொண்டு, லாரியில் வருகிற பேப்பர் கட்டுகளைத் தோளில் வைத்து இறக்குகிறவன் என்று நான் எப்படிக் கண்டேன்? ராத்திரி பேச்சி அவன் தோளில் தைலம் தேய்க்கிற வாசனை சுவர் தாண்டி வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து தோள் பிடித்துக்கொண்டது போல என்று நினைத்தேன். நான் அவ்வளவு வெள்ளந்தி தாயி.

எனக்குச் சம்பளம் என்றால் என்ன என்று தெரியாதா? எங்கள் வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்டில் கடைசி வரைக்கும் சம்பளத்துக்கு இருந்தவர். ஒரு மூட்டைக்கு இவ்வளவு, இரண்டு மூட்டைக்கு இவ்வளவு என்று சுத்தமாகச் சம்பளம் வந்துவிடும். ஒரு நாள் அவரைக் கூலி என்று யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்ல விட்டிருப்பேனா?

சரி. நாற்பதாயிரம் கொடுத்தேன். முதல் மாதத்துக்கு உரியதை எடுத்துக்கொண்டு முப்பத்தெட்டு கையில் கொடுத்தேன். எல்லாரும் செய்வதுதான். புரோநோட்டில் கையெழுத்து வாங்கினேன். மாதம் இரண்டாயிரம் என்று பேச்சு. மூன்று வருஷம் தவறாமல் கொடுத்தான். கொடுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு மனசாட்சி உண்டு. ஆனால் அது வட்டி. சரி, வட்டி என்றே வைத்துக்கொள். முதல்? முதல் நாற்பதாயிரமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறதே! மூன்று வருஷத்தில் அதில் ஒரு ரூபாயைக் குறைத்தானா அவன்?

அப்புறம் ஒரு தை மாதம். காலண்டர் வேலை முடிந்துவிட்டது, பிரஸ்ஸில் லோடு குறைந்துவிட்டது என்றான். வந்து நின்றான்.

"அக்கா, இதுவரைக்கும் குடுத்ததே எழுபதாயிரத்தத் தாண்டிருச்சு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"என்னத்தப் பாக்க? உன் மூஞ்சியவா? சம்பளக்காரன் பேசுற பேச்சா இது?"

போனவன் போனவன்தான். அடுத்த மாதம் இல்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மீன் குழம்பு கொதிக்கிறது, இந்தப் பக்கம் என் வயிறு எரிகிறது.

நான் வக்கீல் சிவஞானத்திடம் போனேன். ஃபீஸ் வாங்கும்போது மட்டும் வாயெல்லாம் பல்லாக இருக்கிற மனுஷன். கேஸ் போட்டார். தவசி கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. பயம். வராவிட்டால் எதிர்த்தரப்புக்கே தீர்ப்பாகிவிடும் என்று அவனுக்கு யார் சொல்ல? நான் சொல்வேனா? எனக்கு டிகிரி ஆகிவிட்டது. இன்னார் இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்க வேண்டியது என்று கோர்ட்டே சொல்லிவிடுவதுதான் டிகிரி. மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தேன். அதோடு பணம் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன்.

வரவில்லை தாயி. டிகிரி என்பது வெறும் வார்த்தை. பணத்தை நாமாகத்தான் எடுக்க வேண்டுமாம். எடுக்கப் போனால், இதைத் தொடாதே, அதைத் தொடாதே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலி.

கோர்ட்டிலிருந்து அமீனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜப்தி செய்கிற கோர்ட்டு ஆள்தான் அமீனா. உள்ளே போய் நின்றேன். "அந்தக் குத்துச்சட்டிய எடுங்க" என்றேன். சமைக்கிற பாத்திரத்தைத் தொடக் கூடாதாம். "அந்த மெத்தைய எடுங்க." படுக்கையைத் தொடக் கூடாதாம். "அவ கழுத்துல கெடக்கே, அதயாவது எடுங்க."

"தாலிம்மா அது" என்றார் அமீனா.

"தாலி இருக்கட்டும். கொடி எதுக்கு? மஞ்சக் கயிறு போதாதா?"

அமீனா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஏதோ நான் கொலைகாரி மாதிரி. "ஆச்சி, வெளிய வாங்க" என்றார். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? மஞ்சள் கயிறு மங்களமானதுதானே? கடைசியில் அந்த வீட்டில் எடுக்கக்கூடியதாக ஒரு டி.வி.தான் இருந்தது. அதுவும் ரிப்பேர்.

"அவன ஜெயில்ல போடுங்க" என்றேன் சிவஞானத்திடம்.

"அப்படியெல்லாம் போட முடியாதும்மா. வசதி இருந்தும் குடுக்காம ஏமாத்துறவனத்தான் போடலாம். இல்லாதவனப் போட முடியாது."

"இல்லாதவனா? பேன்ட் போட்டிருக்கான்யா!"

அப்போதுதான் அவர் கேட்டார், "அவருக்கு மாசச் சம்பளமா?" நான் மடியில் முடிந்து வைத்திருந்த மாதிரி பட்டென்று சொன்னேன், "ஆமாய்யா, சம்பளக்காரன். அவனே சொன்னது." "அப்பச் சம்பளத்தைப் பிடிக்கலாம்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், கேள். சம்பளம் முழுவதையும் பிடிக்கக் கூடாது. முதல் ஆயிரம் ரூபாயில் கை வைக்கக் கூடாது. மிச்சத்தை மூன்று பங்கு போட்டு, இரண்டு பங்கை அவனுக்கு விட்டுவிட வேண்டும். ஒரு பங்குதான் நமக்கு. பன்னிரண்டாயிரம் வாங்குகிறான் என்று வைத்துக்கொள். ஆயிரத்தை ஒதுக்கு. பதினொன்றில் மூன்றில் ஒன்று, மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அதுவும் காலத்துக்கும் இல்லை, இருபத்து நான்கு மாதம்தான். அதற்கு மேல் அந்தக் கடனுக்காக அந்தச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. அவனும் அவன் பிள்ளைகுட்டியும் சாப்பிட வேண்டுமாம். நான் கேட்கிறேன், கடன் வாங்கினவன் சாப்பிட வேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்களே, கடன் கொடுத்தவள் சாப்பிட வேண்டும் என்று ஒரு வரி எழுதினார்களா?

இருந்தாலும் சரி என்றேன். பிரஸ்ஸுக்குக் கோர்ட்டு உத்தரவு போயிற்று. முதலாளி பயந்துபோனார். மூன்றில் ஒன்று என்பதெல்லாம் யார் பார்த்தார்கள்? வம்பே வேண்டாம் என்று பாதியைப் பிடித்து வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவன் பாதிப் பணத்தோடு வந்து நின்றானாம். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சி அழுத அழுகை! கூடப் பிடித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நானா போய்ச் சொல்ல வேண்டும்?

அன்றோடு விட்டிருந்தால் என் பணம் வந்திருக்கும். அந்தப் பேச்சி விடவில்லை. கோர்ட்டு வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவி என்று ஒரு அறை இருக்கிறது. பொம்பளைகள் யார் போனாலும் காசில்லாமல் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். அங்கே போய்விட்டாள். அங்கே ஒரு பெண், வக்கீல் ரோஸ்லின். இன்னும் முகத்தில் பரு கூட ஆறவில்லை. ஃபீஸ் வாங்காத வக்கீலுக்கு இவ்வளவு அக்கறை எங்கிருந்து வரும் சொல்லு? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நேராகப் பிரஸ்ஸுக்குப் போய், பாதி எப்படிப் பிடிக்கலாம், மூன்றில் ஒன்றுக்கு மேல் பிடித்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்டிருக்கிறாள். அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. போன இடத்தில் கண்ணால் பார்த்துவிட்டாள். தவசி கைலியோடு தோளில் கட்டு வைத்துக்கொண்டு எதிரே வருகிறான்.

"இவர் ஆபீஸ் வேலைன்னுல்ல கோர்ட்டுப் பேப்பர்ல இருக்கு?" என்று கேட்டாளாம் பிரஸ் கணக்கரிடம்.

"ஆபீஸா? லோடுமேன்மா. வந்தா கூலி, வரலன்னா இல்ல."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். உடம்பால் உழைக்கிற கூலிக்காரனின் கூலியை ஜப்தி செய்யவே கூடாதாம். மூன்றில் ஒன்று கூடக் கூடாதாம். ஒரு ரூபாய் கூடக் கூடாதாம்! சம்பளத்துக்கு ஒரு சட்டம், கூலிக்கு ஒரு சட்டம். நான் இத்தனை வருஷம் கூலிக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன், கொடுக்க மாட்டேன் என்று சொன்னதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது பார்.

ஆனால் ஒரு சிக்கல். தவசியே கோர்ட்டில் வந்து, நான் கூலிக்காரன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்றுவிட்டான்! சுவர் வழியாக எல்லாம் கேட்டது.

"கூலின்னு சொன்னா நாக்கு அழுகிருமா?" என்கிறாள் பேச்சி.

"நீதானடி ஊரெல்லாம் சம்பளக்காரர், சம்பளக்காரர்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்ச?"

"நான் பீத்தாட்டி செம்பகத்தக்கா துட்டு குடுத்திருக்குமா? இப்ப வயித்துக்கு இல்ல. சொல்லுங்க."

"இந்து மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா?"

இந்துமதி அப்போது படிப்பை முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பக்கத்து ஊரில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பிரஸ்ஸில் சம்பளம் என்று சொல்லித்தான் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா சங்கரவேல் எனக்குத் தூரத்து உறவு. மில்லில் சம்பளம். நல்ல கௌரவமான மனுஷன்.

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. தப்பாக நினைக்காதே. அவரவர் பொருளை அவரவர் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? சங்கரவேலுக்குப் போன் பண்ணினேன். "மாமா, வெள்ளிக்கிழம கோர்ட்டுக்கு வாங்க. உங்க சம்பந்தி கேஸு. வீட்டுக்கு மூத்தவர் நீங்க பக்கத்துல இருந்தா அவருக்குத் தைரியமா இருக்கும்" என்றேன். வாய் நிறையச் சொன்னேன். பாவம், மறுபேச்சில்லாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கொண்டுபோய் முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். தவசி கூண்டில் ஏறினால் நேர் எதிரே அவர் முகம் தெரிய வேண்டும்.

தெரிந்தது. தவசி ஏறினான், பார்த்தான், அவன் முகம் வெளுத்துவிட்டது. பேன்ட், உள்ளே விட்ட சட்டை, கழுத்தில் அட்டை, எல்லாம் இருந்தது. நீதிபதி கண்ணாடி போட்ட அம்மா. நிதானமாகக் கேட்டார்.

"பிரஸ்ல உங்களுக்கு மாசச் சம்பளமா?"

அவன் சங்கரவேலைப் பார்த்தான். "சம்பளம்தாங்கம்மா" என்றான்.

எனக்கு எழுந்து கும்பிட வேண்டும் போல் இருந்தது. ரோஸ்லின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேச்சி பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தோடு அந்த நீதிபதியம்மா விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஒரு நாள் நீங்க வேலைக்குப் போகலன்னா?"

"அன்னைக்குக் கிடையாதுங்க."

"லோடு வரலன்னா?"

"கிடையாதுங்க."

"என்ன வேலை செய்றீங்க?"

"பேப்பர் செக்‌ஷன்."

"பேப்பர் செக்‌ஷன்ல என்ன செய்றீங்க?"

அவன் சங்கரவேலைப் பார்க்கிறான். பின்னால் நிற்கிற பேச்சியைப் பார்க்கிறான். சொல்லாதடா, சொல்லாதடா என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொள்கிறேன். உனக்காகத்தானடா சொல்கிறேன், உன் மகள் கல்யாணத்துக்காகத்தான்.

அவன் கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்றினான். சட்டைப் பைக்குள் போட்டான்.

"தூக்குறது, இறக்குறதுதாம்மா. கூலி வேலை. நான் கூலிக்காரன்."

சத்தமாகச் சொன்னான் தாயி. வராந்தாவில் நின்றவனெல்லாம் எட்டிப் பார்த்தான். அதோடு நின்றானா? "ஒண்ணு சொல்லிக்கிறேம்மா. கடன் இல்லன்னு சொல்லல. குடுப்பேன். ஆனா நான் குடுக்கறது வேற, எங்கிட்ட எடுக்கறது வேற" என்றான்.

கேட்டாயா திமிரை? என் பணம். அவன் கொடுப்பானாம், நான் எடுக்கக் கூடாதாம்.

பிடித்தம் ரத்து. பிரஸ்ஸில் பிடித்து வைத்திருந்ததையும் அவனிடமே கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. டிகிரி மட்டும் என் கையில் அப்படியே இருக்கும். வைத்துக்கொண்டு என்ன செய்ய? வாங்கும்போது சம்பளக்காரன், கொடுக்கும்போது கூலிக்காரன்! இதைக் கேட்க இந்த நாட்டில் ஒரு நாதி இல்லை.

சரி, பணம் போனால் போகிறது, கல்யாணமாவது நிற்கும் என்று... இல்லை, நிற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னை அப்படி நினைக்காதே. இவ்வளவு பெரிய பொய்யைக் கேட்ட சங்கரவேல் மாமா சும்மா இருக்க மாட்டாரே என்று பயந்தேன். வராந்தாவுக்கு வந்து பார்க்கிறேன். அந்த மனுஷன் ரோஸ்லினிடம் போய் நின்றுகொண்டிருக்கிறார்.

"ஏம்மா, மூட்டைக்கு இவ்வளவுன்னு வாங்குறவனும் கூலிக்காரன்தான?"

"யாருக்குக் கேக்கீங்க ஐயா?"

"எனக்குத்தாம்மா. மில்லு குடோன்ல மூட்ட தூக்குறேன். சீட்டுக் கம்பெனிக்காரன் என் சம்பளத்தப் பிடிச்சிருவேன்னு மிரட்டிக்கிட்டே இருக்கான்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மில்லில் சம்பளம் என்று என் தலையில் அடித்துச் சொன்ன குடும்பம் அது! பெண் வீட்டுக்காரன் ஒரு பக்கம் பொய், மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒரு பக்கம் பொய். நடுவில் உண்மையாக இருந்தது நான் ஒருத்திதான்.

தவசி அவரைப் பார்க்கிறான். அவர் தவசியைப் பார்க்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தோளைத் தடவிக்கொண்டார்கள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்கள் பார், அப்படி ஒரு சிரிப்பு. கோர்ட்டு என்று கூடப் பார்க்காமல். "எந்தத் தோள் சம்பந்தி?" "எனக்கு வலது." "எனக்கு ரெண்டும்." கோர்ட்டுச் சேவகன் டவாலி வந்து சத்தம் போட்டு விரட்டினான். வெளியே டீக்கடைக்குப் போனார்கள். நான் அந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். தவசி என்னைப் பார்த்துவிட்டான்.

"அண்ணாச்சி, அக்காவுக்கும் ஒரு டீ போடுங்க."

அந்த டீயைக் குடித்திருந்தால் என் நாக்கு வெந்துபோயிருக்கும். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

போன மாதம் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மேளம், இந்தப் பக்கம் நான்.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை. எங்கள் தெரு என்ன ஆயிற்று என்று கேள். கோர்ட்டில் இப்படித் தீர்ப்பாயிற்று என்று ஒரே நாளில் பரவிவிட்டது. அதுவரை அந்தத் தெருவில் கூலிக்காரனே கிடையாது. கொத்தனார் சம்பளம் என்பான், சுண்ணாம்பு அடிக்கிறவன் சம்பளம் என்பான், என்னிடம் வாங்கின அத்தனை பேரும் சம்பளக்காரன். இப்போது போய்க் கேட்டால், கேட்கிறதுக்கு முன்னாலேயே, "அக்கா, நான் கூலி" என்கிறான். நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொல்கிறான், ஏதோ கலெக்டர் வேலை மாதிரி. ஒரு பள்ளிக்கூட கிளார்க்கு, ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எழுதுகிறவன், அவனும் கூலி என்கிறான்! "அடேய், நீ சம்பளக்காரன்டா. ஆயிரம் போக மிச்சத்துல மூணுல ஒண்ணு உன்கிட்டப் பிடிக்கலாம்டா" என்றேன். "அப்ப மீதி ரெண்டு பங்கப் பிடிக்க முடியாதாக்கா? அப்படியா?" என்று அதையும் என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு போய்விட்டான்.

தவசி மட்டும் என்ன செய்தான் தெரியுமா? தீர்ப்பு வந்த மறுநாள், சனிக்கிழமை, என் வாசலுக்கு வந்தான். ஐந்நூறு ரூபாயை நீட்டினான். "இது நான் குடுக்கறதுக்கா" என்றான். மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். பணமாயிற்றே, வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் முந்நூறு. இன்னொரு வாரம் ஐந்நூறு. எவ்வளவு என்று அவன் முடிவு செய்கிறான். எப்போது என்று அவன் முடிவு செய்கிறான். முன்பெல்லாம் அவன் என் வாசலில் நிற்பான், நான் உள்ளே இருந்துகொண்டே, "நில்லு, வாரேன்" என்பேன். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் வாசலில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுக் கதவு சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்த வயசில் எனக்கு இது தேவையா?

சிவஞானத்திடம் கேட்டேன், வேறு வழியே இல்லையா என்று. "அவரா குடுத்தா வாங்கிக்குங்க. விரட்டாதீங்க. விரட்டினா உள்ளதும் போயிரும்" என்கிறார். இதைச் சொல்ல ஒரு ஃபீஸ்.

கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு வாரமாக ஒன்றும் வரவில்லை. மறுவீடு, விருந்து, அது இது என்று செலவு இருக்கும். இருக்கட்டும். என் பணத்தில் விருந்தா? கேட்க வேண்டாமா? வாசலில் போய்க் கேட்கக் கூடாது, அதனால்தான் பஸ்...

இரு, இரு. வேகம் குறைகிறது. பிரஸ் ஸ்டாப்தான். கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள், நான் பார்க்கிறேன். ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். அதோ! அவன்தான். பார், கைலியோடேயே வருகிறான். இப்போதெல்லாம் பேன்ட் கூடப் போடுவதில்லை, அட்டையும் இல்லை. நடையைப் பார், தோளை உயர்த்திக்கொண்டு. இன்றைக்கு விடப் போவதில்லை தாயி. பஸ்ஸில் இத்தனை பேர் நடுவில் வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கப் போகிறேன். நீதான் சாட்சி. எழுந்து போய்விடாதே, பார்த்துக்கொண்டே இரு.

"தம்பி! தம்பி, இங்க வாங்க. அங்க ஏன் நிக்கீங்க? அந்தப் பக்கம் சீட்டுல என் பை இருக்குல்லா, அத இப்படிக் குடுத்துட்டு உக்காருங்க. உங்களுக்காகத்தான் போட்டு வச்சிருக்கேன்... சும்மா உக்காருங்க தம்பி. நாள் பூராச் சுமந்துட்டு வாரீங்க. மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு. இந்து நல்லா இருக்காளா? மாப்பிள்ள நல்லா வச்சிருக்காரா?... அய்ய, நான் அதுக்கா வந்தேன்? நான் அதக் கேக்கவே இல்லையே. நீங்க எப்பக் குடுக்கீங்களோ அப்பக் குடுங்க... அடுத்த வாரமா? சரி தம்பி, அடுத்த வாரமே இருக்கட்டும்.

"கண்டக்டர்! இங்க ஒரு டிக்கெட் குடுங்க. எனக்கு இல்லப்பா, பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட் கெடையாதே. தம்பிக்கு. நீங்க பைக்குள்ள கைய விடாதீங்க தம்பி, நான் எடுக்கேன்."